அட்டன் ஸ்டேஷனும் எங்கள் அக்காவும்

அக்கா மகள் சசியின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்தே ஆகவேண்டும் என்று அட்டனிலிருந்து போன் வந்தபோது என் இரண்டு கையிலும் வர்க்கி மாவு. பேக்கரி முதலாளிதான் போனை என் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார். அதனால் அக்கா பேசியது முழுவதும் அவருக்கும் கேட்டது. "போய்ட்டு வாய்யா. பொறந்த நாட்டையே இன்னும் பாக்கல நீ" என்று அவரே லீவு கொடுத்துவிட்டார்.

நான் பிறந்தது இலங்கையில், அட்டனை அடுத்த டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஜனங்களைப் பிரித்தபோது அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியாவுக்கு என்று ஆனது. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. மச்சான் வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமை. அக்கா அங்கேயே தங்கிவிட்டார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. கோத்தகிரியில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேக்கரிதான்.

நாங்கள் ரயிலேறிய அன்று அட்டன் ஸ்டேஷனில் அம்மா ஜன்னல் வழியாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி பாடியிருக்கிறார். செத்தவர்களுக்குப் பாடுகிற பாட்டு. அன்று அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் அதைத்தான் பாடினார்களாம். ஆனால் அக்காவுக்குப் பிறந்த முதல் குழந்தை தங்கவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குப் பிணப்பாட்டுப் பாடிவிட்டுப் போனால் வேறு என்ன நடக்கும் என்று மாமியார் வீட்டில் பேசினார்கள். அக்காவும் அதை நம்பிவிட்டார். போன் வசதி வந்த பிறகு என்னோடு பேசுவார், என் வீட்டுக்காரியோடு பேசுவார், "அம்மாகிட்ட குடு" என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி நாட்களில், அந்தப் பாட்டு சாபமில்லை, அதை ஏன் பாடினேன் என்று அக்காவிடம் நேரில் சொல்லு என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நான் கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்லவே கூச்சப்படுகிற ஆள். ஒரு பட்டுப்புடவை, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று சுடுகிற எங்கள் மலை வர்க்கி இரண்டு டப்பா, இதோடு அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டு புறப்பட்டேன்.

"கொழும்புல எறங்கி பஸ்ல வந்துரு தம்பி. கோச்சியில வராத" என்று அக்கா சொல்லியிருந்தார். கோச்சி என்றால் அங்கே ரயில். கூட்டமாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொழும்பில் ஏர்போர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால் ஸ்டேஷன் எதிரிலேயே இருந்தது, மலைக்குப் போகிற வண்டியும் நின்றது. ஏறிவிட்டேன்.

எதிர் சீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா பையைத் திறந்து மீன் வைத்த முக்கோண ரொட்டி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. வீட்டுக்காரர் தெரிந்த தமிழில் சொன்னார்: "சாப்புடுங்க. இல்லாட்டி இவ கோவம் வரும். எனக்குத்தான் ஏச்சு." வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் பப்ஸில் இவ்வளவு மிளகு போட்டால் சண்டைக்கு வருவார்கள். இங்கே சின்னக் குழந்தைகூடத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. பதிலுக்கு வர்க்கி கொடுத்தேன். அந்த அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். "இது பழசாகிட்டா, இல்ல இப்பிடித்தான் இருக்குமான்னு கேக்குறா" என்றார் வீட்டுக்காரர். இப்படித்தான் இருக்கும் என்றேன். என் தொழிலைப் பற்றி அந்நிய நாட்டில் நான் சொன்ன முதல் வார்த்தை அது.

நாவலப்பிட்டியைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் மழை. தண்டவாளம் நனைந்து சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. எங்கள் குன்னூர் மலை ரயிலுக்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் உண்டு, பிடித்துக்கொண்டு ஏறும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு மழையில் போட்டோ எடுத்தார்கள். கூடையில் வடை விற்றுக்கொண்டு வந்தவர் மட்டும், "இது நின்னா எனக்கு நல்லதுங்க. எல்லாருக்கும் பசி வந்துரும்" என்றார். அவர் பெயர் கணேசன். என் வயதுதான் இருக்கும். வண்டி மறுபடி நகர்ந்து அட்டன் வந்து சேர்வதற்குள் கூடை காலியாகிவிட்டது.

அட்டன் ஸ்டேஷன் ஊருக்கு நடுவில், மெயின் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. மேலே கடைகள், பஸ் சத்தம், கோயில் மணி. கீழே இரண்டு பிளாட்பாரமும் மூன்று பாஷையில் பெயர்ப்பலகையும். வெளியே மழை கொட்டியதால் நானும் கணேசனும் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம். பால் இல்லாத சாயம், சீனியைத் தனியாகக் கையில் கொடுத்தார்கள், கடித்துக்கொள்ள. அவருடைய அப்பா இந்த ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவராம்.

"ஊரு இருந்து ஸ்டேஷன் வரலங்க. ஸ்டேஷன் வந்த பொறகுதான் ஊரே பெருசாச்சு" என்றார். "வெள்ளக்காரன் கோச்சி போட்டது நமக்கு ஊர் சுத்திக் காட்டவா? தேயிலப் பெட்டி எறக்கத்தான். கீழ போறது தேயில, மேல வர்றது அரிசி, மாவு, தோட்டத்துக்கு உரம். அந்தா தெரியிது பாருங்க தகரக் கொட்டாய், அதுல ஏத்தி எறக்கியே எங்கப்பாவுக்கு முதுகு வளஞ்சு போச்சு."

அந்தக் கொட்டகையில் இப்போது யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருந்தார்கள். தேயிலை லாரிக்குப் போய்விட்டதாம்.

"அப்பறம் ஆளுகள ஏத்துனாங்க. இந்தியாவுக்குப் போற ஆளுக. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கருந்து கப்பல். அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சின்னுதான் பேரு. அம்மி, ஆட்டுக்கல்லு எல்லாம் தூக்கிட்டு வருவாங்களாம். இந்தியாவுல கல்லே கெடைக்காதாடான்னு எங்கப்பா ஏசுவாரு. ஏசிக்கிட்டே தூக்கி வைப்பாரு. பாட்டுச் சத்தத்துல கார்டு விசில் ஊதுறது டிரைவருக்குக் கேக்காதாம். பச்சக் கொடிய கண்ணால பாத்துத்தான் எடுப்பாங்களாம்."

நானும் அந்தக் கோச்சியில் போனவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எந்த பிளாட்பாரத்திலிருந்து அந்த வண்டி போகும் என்று மட்டும் கேட்டேன். கணேசன் கையில் இருந்த டம்ளரால் எங்கள் காலடியைக் காட்டினார்.

மழை விட்டதும் ஆட்டோ பிடித்து டிக்கோயாப் பக்கம் போனேன். அக்கா வீடு, தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்தின் கடைசி அறை. முன்னால் இரண்டு அறை சேர்த்துக் கட்டி, ஓடு மாற்றி, பந்தல் போட்டு, வாழைமரம் கட்டியிருந்தார்கள். படத்தில் பார்த்ததைவிட அக்கா குள்ளம். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார். பக்கத்தில் வந்து, "எந்த பஸ்ல வந்த தம்பி? இந்த நேரத்துக்கு பஸ் இல்லியே?" என்றார்.

"கோச்சியில வந்தேங்கா" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா ஒரு எட்டு பின்னால் போனார். "அட்டன்லயா எறங்குன?" என்றார். ஆமாம் என்றேன். "பந்தலுக்குள்ள வராத. அங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துண்டும் சோப்பும் எடுத்துவந்து கல்லின்மேல் வைத்தார். கையில் தரவில்லை.

ஒன்றும் புரியாமல் நின்றேன். அடுத்த வீட்டுப் பார்வதி அக்கா கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "போங்க தம்பி, பீலிக்குப் போயி குளிச்சிட்டு வாங்க. இவங்க வீட்டுக்கு அட்டன் கோச்சியில வந்தா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த கணக்கு. போன வருசம் தேர்தல் நோட்டீஸ் குடுக்க வந்தவனையே குளிக்கச் சொன்னா. அவன் ஓடுனவன்தான், இன்னும் ஓட்டுக் கேட்டு வரல."

பீலி என்பது மலையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிடும் இடம். அந்த மழைச் சாயங்காலத்தில் அதன் அடியில் தலையைக் கொடுத்தபோது எனக்கு மண்டை மரத்துவிட்டது. பல் கிடுகிடுக்க வந்தேன். அக்கா தலை துவட்டிவிட்டார். அப்புறம்தான் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் மச்சானோடு நுவரெலியாவுக்குப் போனேன், கல்யாணத்துக்குக் காய்கறியும் பூவும் வாங்க. மச்சான் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் மெதுவாகச் சொல்வார். பாதி வழியில் பஸ்ஸின் கண்ணாடி துடைக்கும் கம்பி கழன்று விழுந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் கண்டக்டர் படியில் நின்று கையை நீட்டித் துணியால் கண்ணாடியைத் துடைத்தார். டிரைவர் வண்டியை நிறுத்தவே இல்லை. "எங்க ஊர்ல இப்படின்னா பஸ்ஸ ஓரங்கட்டிருவாங்க மச்சான்" என்றேன். "இங்கயும் ஓரங்கட்டலாம் மாப்ள. ஓரம் எங்க இருக்கு?" என்று மச்சான் பள்ளத்தைக் காட்டினார்.

நுவரெலியா எங்கள் ஊட்டியின் கூடப்பிறந்தது மாதிரி இருந்தது. அதே குளிர், அதே குதிரை, அதே பழைய துரை பங்களாக்கள். கேரட்டை இலையோடு கட்டி விற்கிறார்கள், எங்கள் ஊரிலோ கழுவி மூட்டை பிடித்துவிடுவோம். ஒரு பேக்கரியில் நின்று அவர்கள் பாணைப் பார்த்தேன், பாண் என்றால் அங்கே பிரெட். மேல் பக்கம் கறுத்து, உள்ளே பஞ்சு. நன்றாகவே போடுகிறார்கள்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபோது மச்சானிடம் கேட்டேன், குளியல் விஷயத்தை.

"அது ஓங்கக்கா போட்ட சட்டம்" என்றார். "நாங்க யாரும் அந்த ஸ்டேஷன்ல ஏற மாட்டோம், எறங்க மாட்டோம். ஆரையும் போயி வழியனுப்ப மாட்டோம். சசி கொழும்புல வேலைக்குப் போனப்பகூட பஸ்தான். பஸ்ல வாந்தி எடுப்பா. இருந்தாலும் பஸ்தான்." சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தார். "அந்த மொதப் புள்ள தவறிப் போனப்ப எங்கம்மா பேசுனது தப்புதான் மாப்ள. நான் வாயத் தொறக்காம இருந்துட்டேன். அதுக்கப்பறம் சசி பொறக்க எத்தன வருசம் ஆச்சு தெரியுமா? எத்தன கோயிலு, எத்தன ஆசுபத்திரி. இப்ப சொன்னா கேக்குற எடத்துல ஓங்கக்கா இல்ல. பெத்தவளே தன்ன செத்தவன்னு முடிவு பண்ணிட்டுப் போயிட்டான்னு மனசுல எழுதிக்கிட்டா."

அம்மா சொல்லச் சொன்னதை மச்சானிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவர் வழியாக அக்காவுக்குப் போய்விடும், என் கூச்சமும் தப்பிக்கும். ஆனால் நேரில் சொல்லு என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மோர் மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை ரவி கொழும்பில் துணிக்கடையில் வேலை. நல்ல அமைதியான பையன். தாய்மாமன் பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். சசியின் கையைப் பிடித்தபோது என் கைதான் நடுங்கியது. "மாமா, நான்தான் பயப்படணும். நீங்க ஏன்?" என்று காதுக்குள் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விடுவார்களா? "இந்தியாவுலருந்து மாமன் வந்துருக்காருன்னு சொன்னாங்க, ஊமை மாமன்னு சொல்லலியே" என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க தம்பி பேசுனா நிறுத்த மாட்டான். அதான் வாயக் கட்டிக் கூட்டியாந்தோம்" என்றார். என் பக்கம் நின்று ஒருவர் பேசுவது எவ்வளவு சுகம் என்று அன்று தெரிந்தது.

சாப்பாடு முடிந்து பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது வேன்காரர் வந்தார். மறுநாள் காலை மாப்பிள்ளை, பெண், நான் மூவரும் அவர் வேனில் கொழும்பு போவதாக ஏற்பாடு. ரவிக்குக் கடையில் லீவு முடிகிறது, எனக்கு விமானம். வேன்காரர், "கினிகத்தேனைக்கிட்ட மண்ணு சரிஞ்சு ரோட்ட மூடிட்டாங்க. நாளைக்கும் தொறக்க மாட்டாங்களாம்" என்றார். சுற்றிப் போகிற ரோடும் மழையில் நம்ப முடியாது, தன்னால் வர இயலாது என்றார்.

மிச்சம் இருப்பது ஒரே வழி என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் ரவிதான் தெரியாத்தனமாகச் சொன்னான்: "கோச்சி ஓடுதுதானே மாமி? அட்டன்ல ஏறிட்டா மத்தியானத்துக்கு மேல கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குப் போயிரலாம்."

"கழுத்துல தாலி ஏறின மறுநாளு எம்மகள அந்த ஸ்டேஷன்ல கொண்டுபோயி நிறுத்தணுமா?" என்றார் அக்கா. சத்தம் போடவில்லை. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

"அம்மா, அது வெறும் ஸ்டேஷன்மா" என்றாள் சசி.

"ஒனக்கு அது வெறும் ஸ்டேஷன்."

மச்சான் மெதுவாக ஆரம்பித்தார். அட்டனுக்கு அடுத்து கீழே இருக்கிற ரொசல்லையில் ஏறலாமா என்றார். அங்கே வண்டி நிற்காது என்று பார்வதி அக்கா சொன்னார். அப்படியானால் அட்டனுக்கு முன்னால், மேலே இருக்கிற கொட்டகலையில் ஏறலாம், அங்கே நிற்கும் என்றார் மச்சான். "கொட்டகலையில ஏறினாலும் கோச்சி அட்டன் வழியாத்தானே போகும்? பறந்தா போகும்?" என்று பார்வதி அக்கா கேட்டார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்வதி அக்கா வெற்றிலை வாங்க எழுந்து போய்விட்டார்.

"போனா போவட்டும். உள்ளுக்குள்ள உக்காந்துருப்பாங்க. எறங்க வேணாம், ஏற வேணாம்" என்று அக்கா முடித்தார். "நானும் கொட்டகலைக்கே வந்து அனுப்பி வைக்கிறேன். ஒருத்தரும் அழுவக் கூடாது."

காலையில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அக்கா வழியில் சாப்பிடுவதற்கு ரொட்டி சுட மாவு பிசைந்துகொண்டிருந்தார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி. அவர் பிசைந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் பிசைந்தார். "குடுங்கக்கா" என்று தட்டை வாங்கிக்கொண்டேன். அக்கா ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அம்மியில் சம்பல் அரைக்கப் போய்விட்டார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மாவில் கை இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் பேச வரும். பேக்கரியிலும் அப்படித்தான்.

"அக்கா. அம்மா ஒன்னு சொல்லச் சொன்னாங்க."

குழவி நின்றது. அக்கா திரும்பவில்லை. நான் நிறுத்தினால் பிறகு வராது என்று தெரியும். அம்மா எப்படிச் சொன்னாரோ அப்படியே சொன்னேன்.

"அன்னிக்கி ஸ்டேஷன்ல ஒங்க கையப் புடிச்சிட்டு நின்னப்ப, ஒரு பாட்டாவது பாடி உட்டுட்டுப் போகணும்னு இருந்துச்சாம். அவங்களுக்குத் தெரிஞ்சதே ரெண்டு பாட்டுதானாம். ஒன்னு தாலாட்டு. கல்யாணம் முடிஞ்ச புள்ளய, மாமியா முன்னாடி நிறுத்தி வச்சு, தாலாட்டா பாட முடியும்னு கேட்டாங்க. அதனால மத்தத பாடிட்டாங்களாம். வேற பாட்டு தெரிஞ்சிருந்தா அதப் பாடிருப்பேன், எனக்கு ஆரும் சொல்லித் தரலன்னு ஒங்கக்காகிட்ட சொல்லுன்னாங்க."

அடுப்பில் விறகு வெடித்தது. வெளியே மழைத் தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டியது. அக்கா என்ன செய்கிறார் என்று நான் பார்க்கவில்லை. மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாவு காயிது. தண்ணி தெளி" என்றார் அக்கா.

தெளித்தேன். குழவி மறுபடி ஓட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் ஓடியது. அந்தச் சம்பலுக்கு அவ்வளவு அரைப்புத் தேவையில்லை.

"ரெண்டு பாட்டுன்னா சொன்னாங்க?" என்றார் பிறகு. "தாலாட்டும் முழுசா தெரியாது அவங்களுக்கு. பாதியில மறந்துட்டு உம் கொட்டுவாங்க. ஒனக்குப் பாடும்போது நான்தான் மிச்சத்த எடுத்துக் குடுப்பேன்."

அம்மாவைப் பற்றி அக்கா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. தொடர்ந்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "கல்லு காஞ்சிருச்சு, தட்டிப் போடு" என்று மட்டும் சொன்னார்.

கொட்டகலை ஸ்டேஷன் சின்னது. சுற்றிலும் தேயிலை. பெஞ்சில் ஒரு நாய் படுத்திருந்தது. நாங்கள் இரண்டு ஆட்டோவில் போய் இறங்கினோம். வண்டி வரும்வரை அக்கா யார் முகத்தையும் பார்க்கவில்லை. சசி கண்ணைத் துடைத்தபோது, "தூசியா? தூசின்னா கழுவு" என்றார். வண்டி வந்தது, ஏறினோம், ஜன்னல் பக்கம் சசி உட்கார்ந்தாள். அக்கா ஜன்னலுக்கு வரவில்லை. தூரத்தில் நாய் படுத்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கையை ஒரு தரம் அசைத்தார். வண்டி கிளம்புவதற்குள் திரும்பி ஆட்டோவை நோக்கி நடந்துவிட்டார்.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்ததும் இருட்டாகிவிட்டது. அப்போது சசி அழுகிற சத்தம் கேட்டது. ரவி என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் போத்தலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். வெளிச்சம் வந்ததும் அழுகை நின்றது.

அட்டனில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். ஒற்றைத் தண்டவாளம், எதிரே மேலே ஏறி வருகிற கோச்சி வந்து சேர்ந்தால்தான் இது போகும். அது ஈரத்தில் வழுக்கிக்கொண்டு எங்கோ நிற்கிறதாம். ஆட்கள் இறங்கி டீ குடித்தார்கள். காலிக் கூடையோடு நின்ற கணேசன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் பெயர்ப்பலகையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் மூவரும் அக்கா சொன்னபடி சீட்டை விட்டு எழவில்லை.

கொட்டகலையிலிருந்து டிக்கோயா போகிற ரோடு அட்டன் வழியாகத்தான். மேலே ரோட்டில் நின்று பார்த்தால் கீழே கோச்சி நிற்பது தெரியும். இது எனக்குத் தோன்றுவதற்கு முன்னால் சசிக்குத் தோன்றிவிட்டது. அவள் ஜன்னல் வழியே மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள். "மாமா, அம்மா."

அக்கா படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. பின்னால் மச்சான் வந்தார். பிளாட்பாரத்தின் ஓரத்தில் அக்கா நின்றார். சேற்றுக்குள் இறங்குகிறவரைப் போலச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். பிறகு காலை வைத்தார். எங்கள் பெட்டி எது என்று தெரியாமல் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, இங்க!" என்று சசி கத்தினாள்.

அக்கா வந்து ஜன்னல் கம்பி வழியாக மகளின் கையைப் பிடித்தார். உதடு துடித்தது. வாயைத் திறந்தார். ஒப்பாரிதான் வரப்போகிறது என்று நினைத்தேன். மச்சானும் அப்படித்தான் நினைத்திருப்பார், அவர் வந்து அக்காவின் தோளைத் தொட்டார்.

"சோத்துக்கு ஒன்னுக்கு ரெண்டு தண்ணி வைக்காத" என்றார் அக்கா. "கொழும்பு அரிசி வேற. ஒன்னரைதான் இழுக்கும். கொழஞ்சிரும்."

சசி சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. "சரிம்மா."

"கொழாத் தண்ணிய காய்ச்சாமக் குடிக்காத. மாமியா வந்தா அவங்கள மொதல்ல உக்காரச் சொல்லு. மாப்புள, இவளுக்குக் காலையில பசி தாங்காது, பாத்துக்கங்க. தம்பி, கதவுகிட்ட நிக்காத, அந்த வெள்ளக்காரப் புள்ளைக மாதிரி."

எதிர்க் கோச்சி புகையை விட்டுக்கொண்டு வந்து அடுத்த பிளாட்பாரத்தில் நின்றது. லைன் காலி, போகலாம் என்பதற்கு அடையாளமாக எங்கள் டிரைவரிடம் யாரோ பெரிய வளையத்தை நீட்டினார்கள். விசில் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. வண்டி அசைந்தது. அக்கா கையை விடாமல் கூடவே நடந்தார். சொல்லிக்கொண்டே நடந்தார். மிளகாய்த் தூளை ஈரம் படாமல் வைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது. போனில் காசு இல்லையென்றால் ஒரு மணி அடித்து விட்டால் போதும், தானே கூப்பிடுவார். வண்டி வேகம் எடுத்தபோது மச்சான் பின்னாலிருந்து அவரைப் பிடித்துக்கொண்டார். கை விட்டுப்போனது. அக்கா அங்கேயே நின்று, வாயின் இரண்டு பக்கமும் கையைக் குவித்து, இன்னும் ஏதோ சத்தமாகச் சொன்னார். எதிர்க் கோச்சி இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை.

"சரிம்மா!" என்று சசி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "சரிம்மா! சரிம்மா!"

வளைவு திரும்பி ஸ்டேஷன் மறைந்தது. சசி உள்ளே வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"கேக்கல மாமா" என்றாள்.